தாண்டுகுதிரைப் பந்தயத்தில் அயர்லாந்து மட்டும் எப்படி?

மஞ்சக்குப்பம் வாசகன்:
நேற்று கிராண்ட் நேஷனல் என்ற தாண்டுகுதிரைப் பந்தயத்தின் 2021 காணொளியைப் பார்த்தேன். மினெல்லா டைம்ஸ் என்ற குதிரை மீதேறி வென்ற ரேச்சல் பிளாக்மோர், அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண். பந்தயம் நடந்தது இங்கிலாந்தில். முதல் ஐந்து குதிரைகளும் அயர்லாந்தில் பயிற்சி பெற்றவை! சின்ன நாட்டுக்கு இது எப்படிக் கைவந்தது?

முதுநகர் ஜட்காக்காரர் மகன்:
தம்பி, இது 1752-ல் தொடங்கிய கதை. அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஓகாலகன், பிளேக் என்ற இருவர் பட்டவன்ட் தேவாலயத்திலிருந்து டோனரைல் தேவாலயம் வரை, சுமார் 7 கிலோமீட்டர், பந்தயம் கட்டிக் குதிரை விட்டார்கள். பாதை கிடையாது. தேவாலயக் கூம்புதான் குறி. குறுக்கே வரும் கல்சுவர், வேலி, பள்ளம் அத்தனையும் தாண்ட வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் கோபுரத்தைப் பார்த்தபடியே வரப்பு, வாய்க்கால் தாண்டிப் பாய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். தாண்டுகுதிரைப் பந்தயத்துக்கு 'ஸ்டீபிள்சேஸ்' என்ற பெயரே அந்தக் கூம்பால் (ஆங்கிலத்தில் 'ஸ்டீபிள்') வந்தது.

மஞ்சக்குப்பம் வாசகன்:
பெயர் புரிந்தது ஐயா. வெற்றி?

முதுநகர் ஜட்காக்காரர் மகன்:
அங்கே உழவர் நிலங்களிலேயே 'பாயின்ட் டு பாயின்ட்' பந்தயங்கள் நடக்கின்றன. இளங்குதிரைகள் அங்குதான் தாண்டிப் பழகுகின்றன. வின்சென்ட் ஓபிரையன் என்ற அயர்லாந்துப் பயிற்சியாளர் 1953, 54, 55 மூன்று ஆண்டும் மூன்று வெவ்வேறு குதிரைகளால் கிராண்ட் நேஷனலை வென்றார். ஆனால் என் மனம் ஆர்க்கிள் என்ற அயர்லாந்துக் குதிரையிடம்தான். 1964 முதல் 66 வரை இங்கிலாந்தின் செல்டன்ஹாம் தங்கக் கோப்பைப் பந்தயம் அவனுடையது. அவன் ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் ஒன்று என்று, திறமைக்கேற்பக் குதிரைகள் சுமக்க வேண்டிய எடைப் பட்டியலையே இரண்டாக எழுதினார்கள்!

பாகூர் வாசகி:
விழும் குதிரைகளை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

முதுநகர் ஜட்காக்காரர் மகன்:
எனக்கும்தான் அம்மா. வண்டியை அவிழ்த்ததும் அப்பா நான்கு கணுக்காலையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். சூடு தெரிந்தால் மறுநாள் வண்டி பூட்டமாட்டார்.