ஹவ் ஐ மெட் யுவர் மதர் கடைசி எபிசோட்: முடிவு தப்பா, அங்க கொண்டு போன விதம் தப்பா?

குடைநிழல் (கேள்வி)

முழுக் கதையும் பேச வேண்டியிருக்கு. இன்னும் பார்க்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

2005 செப்டம்பர் 19-ல சிபிஎஸ் சேனல்ல ஆரம்பிச்சு, 9 சீசன், 208 எபிசோட் ஓடி, 2014 மார்ச் 31-ல முடிஞ்ச சிட்காம் (நகைச்சுவைத் தொடர்) இது. டெட்ங்கிறவர் 2030-ல தன் பசங்களுக்கு, அவங்க அம்மாவை எப்படிச் சந்திச்சேன்னு சொல்ற கதைதான் தொடர். ராபின், பார்னி, மார்ஷல், லில்லி அவரோட நண்பர்கள். கடைசியா வந்த 'லாஸ்ட் ஃபாரெவர்' ரெண்டு பாகமும் ஒரே ராத்திரி ஒளிபரப்பாச்சு. சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தாங்க. இந்தத் தொடருக்கு அவ்வளவு கூட்டம் அதுவரைக்கும் வந்ததே இல்ல. அன்னிக்கே ரசிகர்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சாங்க, இன்னைக்கு வரைக்கும் சேரல.

ஒரு கட்சி, "ஒன்பது வருஷம் அம்மா யாருன்னு தேட வச்சுட்டு, கிடைச்சவங்களை ஒரு நிமிஷத்துல இல்லாம ஆக்கிட்டாங்க"ன்னு சொல்லுது. இன்னொரு கட்சி, "முதல் எபிசோட்லேருந்து இது டெட், ராபின் கதைதான்"னு சொல்லுது.

நான் கேட்கிறது இதுதான். முடிவே தப்பா, இல்ல அங்க கொண்டு போன விதம் தப்பா? எபிசோட் கணக்கோட யாராவது சொல்ல முடியுமா? முழுசா இன்னொரு தடவை பார்க்க நேரமில்லாதவங்க, கடைசி எபிசோடுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்த்தா போதும்? டிவிடியில வந்த மாற்று முடிவு எந்த இடத்துல மாறுது?

---

பழைய சோபா

சிக்கல் 2014-ல ஆரம்பிக்கல, 2006-லயே ஆரம்பிச்சுடுச்சு.

2030-ல சோபாவுல உட்கார்ந்து அப்பா கதை கேட்கிற பசங்க பெனி, லூக். கதைப்படி அவங்க அந்த சோபாவை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. ஆனா நடிச்ச லிண்ட்சி ஃபான்சேகாவும் டேவிட் ஹென்றியும் வருஷத்துக்கு வருஷம் வளருவாங்களே. அதனால ரெண்டாவது சீசன் சமயத்துலயே, 2006-ல, பசங்களோட கடைசிக் காட்சியை ரகசியமா எடுத்து வச்சுட்டாங்க. அந்தக் காட்சியில பசங்க என்ன சொல்றாங்கன்னு கவனிங்க: அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு, இது அம்மாவோட கதையே இல்ல, நீங்க ராபின் ஆன்ட்டியைக் காதலிக்கிறீங்க, போய்க் கேளுங்க. ஆக, அம்மா இறந்துடுவாங்க, அப்பா ராபின்கிட்ட போவாரு, இந்த ரெண்டு முடிவும் அந்த ஃபிலிமுக்குள்ள பூட்டிக் கிடந்தது. அப்போ திரையில டெட்டும் ராபினும் ஜோடி. அந்த நேரத்துக்கு அது அழகான முடிவு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

அப்புறம் தொடர் இன்னும் ஏழு சீசன் ஓடிச்சு. ரெண்டாவது சீசன் முடிவுல அவங்க பிரிஞ்சாங்க. பார்னிக்கும் ராபினுக்கும் காதல் வந்தது. ஏழாவது சீசன் 'நோ பிரஷர்'ல டெட் நேருக்கு நேரா கேட்டு, ராபின் இல்லைன்னு சொல்லிட்டாங்க. எட்டாவது சீசன் 'தி ஃபைனல் பேஜ்'ல பார்னி அவ்வளவு பெரிய திட்டம் போட்டு ராபினைக் கல்யாணத்துக்குக் கேட்டாரு. ஒன்பதாவது சீசன் 17-வது எபிசோட் 'சன்ரைஸ்'ல கடற்கரையில டெட் ராபினோட கையை விட, ராபின் பலூன் மாதிரி வானத்துல மிதந்து போறாங்க. இதுக்கு மேல தெளிவா "விட்டுட்டேன்"னு எப்படிச் சொல்றது? ஆனா கையில இருக்கிற ஃபிலிம் 2006-ஐத்தான் சொல்லுது. கதை எவ்வளவோ தூரம் நடந்து போயிடுச்சு, முடிவு மட்டும் நட்ட இடத்துலயே நின்னுச்சு.

ரெண்டாவது காரணம், அம்மா ட்ரேசியா நடிச்ச கிறிஸ்டின் மிலியோட்டி. 2006-ல போட்ட திட்டத்துல அம்மாவுக்கு முகமே கிடையாது. முகம் இல்லாத ஒருத்தர் இறந்தா பார்க்கிறவங்களுக்கு வலிக்காது. ஆனா எட்டாவது சீசன் கடைசியில, பார்னி, ராபின் கல்யாணம் நடக்கிற ஃபார்ஹாம்ப்டனுக்கு டிக்கெட் வாங்க வந்து நின்ன அந்த நிமிஷத்துலேருந்து ட்ரேசி ஒரு ஆளாயிட்டாங்க. ஒன்பதாவது சீசன்ல அவங்களை முதல்ல ரயில்ல லில்லி சந்திக்கிறாங்க. அப்புறம் பார்னி, மார்ஷல். கல்யாணத்துக்கு முன்னாடி பதறி ஓடுற ராபின் மேல மோதி, மூணு தடவை மூச்சை இழுத்து விடச் சொல்றதும் ட்ரேசிதான். டெட்தான் கடைசி. இப்படி ஒவ்வொருத்தர் வழியாவும் நம்மளை அவங்க மேல பாசம் வைக்க வச்சது அற்புதமான எழுத்து. அந்தப் பாசம்தான் முடிவுக்கு எதிரா திரும்புச்சு.

மூணாவது வெறும் கணக்கு. ஒன்பதாவது சீசன் 24 எபிசோட். அதுல 22, ஒரே வார இறுதி, ஒரே கல்யாண விடுதி. மார்ஷல் பாதி சீசன் வரைக்கும் கார்ல வந்துக்கிட்டே இருக்காரு. 2013-லேருந்து 2030 வரைக்கும் இருக்கிற 17 வருஷத்துக்கு விளம்பரம் போக நாப்பத்திச் சொச்சம் நிமிஷம். மார்ச் 24-ல பார்னி, ராபின் கல்யாணம் ஒளிபரப்பாகுது. மார்ச் 31-ல விவாகரத்து. 22 எபிசோட் கட்டின வீட்டை ஒரே வாரத்துல இடிச்சா யாருக்குத்தான் கோபம் வராது?

கல்யாணத்தைப் பத்து எபிசோடுக்குள்ள முடிச்சிருந்தா, மீதி 14-ல டெட், ட்ரேசி குடும்பமா வாழ்றது, பார்னி, ராபின் கொஞ்சம் கொஞ்சமா விலகுறது, நோய், இழப்பு எல்லாத்துக்கும் இடம் கிடைச்சிருக்கும். அதே முடிவைக்கூட ஏத்துக்கிட்டிருப்பாங்க.

---

மாடிப்படி

பழைய சோபா சொல்லும் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் முடிவு 2006-இலேயே நின்றுவிட்டது என்பதை ஏற்க முடியவில்லை. பின்னால் எழுதப்பட்ட பகுதிகள் அந்த முடிவுக்கு அடியில் புதிய அஸ்திவாரமே போட்டிருக்கின்றன.

200-ஆவது எபிசோடான 'ஹவ் யுவர் மதர் மெட் மீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். அது ட்ரேசியின் கதை. 2005-இல், தன் பிறந்தநாளன்று, காதலன் மேக்ஸ் இறந்த செய்தி அவளுக்கு வருகிறது. வாழ்க்கையில் ஒருவனுக்கு மேல் வாய்க்காது என்று பல ஆண்டுகள் மனதைப் பூட்டி வைக்கிறாள். கடைசியில் விடுதியின் பால்கனியில் நின்று, இறந்தவனிடமே அனுமதி கேட்டு அவனை விடுகிறாள். பிறகு உகுலேலேயை (சிறிய கிட்டார் போன்ற கருவி) எடுத்துப் பாடுகிறாள். பக்கத்து அறை பால்கனியிலிருந்து டெட் கேட்கிறான். துணையை இழந்த ஒருவருக்கு இரண்டாம் முறையும் அன்பு வாய்க்கலாம் என்பதை டெட்டுக்கு முன்பே வாழ்ந்து காட்டியவள் ட்ரேசி. அவள் மேக்ஸிடம் கேட்டதைத்தான் 2030-இல் டெட் தன் பிள்ளைகளிடம் கேட்கிறான். இந்த இணையைக் கவனித்தால், முதல் எபிசோடில் ராபினுக்காகத் திருடிய அந்த நீல நிற பிரெஞ்சு ஹார்னோடு (ஊதும் இசைக்கருவி) அவள் சன்னலுக்குக் கீழே அவன் நிற்பது ட்ரேசிக்குச் செய்யும் துரோகமாகத் தெரியாது.

டெட்டுக்கும் ராபினுக்கும் நடுவில் இருந்த தடை அன்புக் குறைவு அல்ல. அவனுக்குக் குழந்தைகள் வேண்டும், அவளுக்கு வேண்டாம். அவளுக்கு ஊர் ஊராகப் போகும் செய்தியாளர் வேலை, அவனுக்கு வீடு. 2030-இல் இரண்டும் தீர்ந்துவிட்டன. அதே இரண்டு பேர், ஆனால் சண்டைக்குக் காரணம் மிச்சமில்லை.

இழப்பும் திடீரென்று வரவில்லை. எட்டாம் சீசன் 'தி டைம் டிராவலர்ஸ்'இல், இன்னும் 45 நாளில் சந்திக்கப் போகிறவளின் கதவைத் தட்டி, அந்த 45 நாளும் கூடுதலாக வேண்டும் என்கிறான் டெட். வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கப்போகிறவளிடம் 45 நாளை யாராவது இரந்து கேட்பார்களா? ஒன்பதாம் சீசன் 19-ஆவது எபிசோட் 'வெசூவியஸ்'இல், மகளின் கல்யாணத்துக்கு எந்தத் தாய் வராமல் இருப்பாள் என்று ட்ரேசி சொன்னதும் டெட் கண் கலங்குகிறான். அதற்கு விளக்கமே தரப்படுவதில்லை. இந்த இரண்டு இடங்களும் அமெரிக்க சிட்காம் எழுத்தின் உச்சங்கள் என்றே நினைக்கிறேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ட்ரேசி நோயுறுவதைச் சொல்வது குரல் மட்டுமே. மருத்துவமனைப் படுக்கை ஒன்று காட்டப்படுகிறது, அவ்வளவுதான். துக்கத்துக்கு ஒரு காட்சி இல்லை. அவள் இறப்பது 2024-இல். டெட்டுக்கு ஆறு ஆண்டுகள் கழிந்தன, பார்ப்பவருக்குச் சில நிமிடங்கள். அழக்கூட அவகாசம் தராமல் அடுத்த காதலுக்குக் கூட்டிப் போனதுதான் காயம்.

பார்னி விஷயத்தில் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. விவாகரத்துக்குப் பின் பழைய பார்னியாகவே திரும்பி, பிறகு மகள் எல்லியைக் கையில் ஏந்தும் ஒரே காட்சியில் மாறுகிறான். நீல் பேட்ரிக் ஹாரிஸ் அந்தக் காட்சியை நடிப்பால் தூக்கி நிறுத்துகிறார். ஆனால் நான்கைந்து சீசனாகப் படிப்படியாக வளர்ந்த ஒரு மனிதனை அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டிய தேவை என்ன?

---

வெட்டு ஒட்டு

பார்க்க வேண்டிய வரிசை கேட்டிருக்கீங்க. முதல் சீசன் முதல் எபிசோட், நீல ஹார்ன் எங்கேருந்து வந்ததுன்னு தெரியணும். அப்புறம் 'தி டைம் டிராவலர்ஸ்'. ஒன்பதாவது சீசன்ல முதல் எபிசோட், 16, 17, 19, 22. அதுக்கப்புறம் 'லாஸ்ட் ஃபாரெவர்' ரெண்டு பாகமும். 16-ஐ ('ஹவ் யுவர் மதர் மெட் மீ') மட்டும் விட்டுடாதீங்க, மாடிப்படி சொன்ன காரணம்தான். நேரம் இருந்தா ஏழாவது சீசன் 'சிம்பனி ஆஃப் இல்யூமினேஷன்' சேர்த்துக்கோங்க. தனக்குக் குழந்தை பிறக்காதுன்னு ராபின் தெரிஞ்சுக்கிற எபிசோட் அது.

மாற்று முடிவு 2014-ல முழுத் தொடரோட டிவிடி தொகுப்புல வந்தது. அதுக்குன்னு தனியா ஷூட்டிங் போகல. எழுதினது ஒரே ஸ்கிரிப்ட், எடிட்டிங் மேசையில ரெண்டு முடிவு பிறந்தது. அதுல ட்ரேசி சாகல, பசங்க ராபினைப் பத்திப் பேசுறதும் இல்ல. டெட்டும் ட்ரேசியும் முதல்ல சந்திக்கிற ரயில் நிலையத்துல, மழையில ட்ரேசியோட மஞ்சள் குடைக்குக் கீழ ரெண்டு பேரும் நிக்கிறதோட கதை முடிஞ்சுடும்.

---

குடைநிழல்

நன்றி நண்பர்களே. ஒரு சந்தேகம். ஒளிபரப்பான வடிவத்துலயும் அந்த ரயில் நிலையக் காட்சி இருக்கே. அது முடிஞ்சதும் நிறுத்திட்டா மாற்று முடிவு பார்த்த மாதிரி ஆகாதா?

---

வெட்டு ஒட்டு

ஆகாது. நிறைய பேர் அப்படிச் சொல்லிக் கொடுக்கிறாங்க, அது தப்பு. ஒளிபரப்பான வடிவத்துல வரிசை இப்படி: 2020-ல டெட், ட்ரேசி கல்யாணம், அடுத்து நோயைப் பத்தின குரலும் மருத்துவமனையும், அதுக்கு அப்புறம்தான் ரயில் நிலையம். ஆக, அந்தக் காட்சி வர்றப்பவே ட்ரேசிக்கு என்ன ஆகப்போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுது. குடையில இருக்கிற டி.எம். எழுத்து ரெண்டு பேருக்கும் (டெட் மோஸ்பி, ட்ரேசி மெக்கானல்) பொருந்துதுன்னு அவங்க பேசுறப்ப மனசு கனக்கிறதே அதனாலதான். அங்க நிறுத்தினா ராபின்கிட்ட திரும்பிப் போறதை மட்டும் தவிர்க்கலாம், மரணத்தைத் தவிர்க்க முடியாது. முழுசா வேற முடிவு வேணும்னா டிவிடி வடிவம்தான் வழி.

எனக்குப் பிடிச்சது அந்த நடு வழிதான். ட்ரேசி போயிட்டாங்கன்னு தெரிஞ்சு, அவங்க முதல் பேச்சைக் கேட்டுட்டு நிறுத்துறது. மாற்று முடிவு சந்தோஷமா இருக்கு, ஆனா 'வெசூவியஸ்'ல டெட் ஏன் அழுதான்னு கேட்டா அதுகிட்ட பதில் இல்ல.

---

மூணாவது கேமரா

தயாரிப்புப் பக்கத்துலேருந்து ஒண்ணு. இந்தத் தொடரை மக்கள் முன்னாடி எடுக்கல. ஒரு எபிசோடை மூணு நாள் எடுத்து, எடிட் பண்ணி, அதை ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டி சிரிப்பைப் பதிவு பண்ணாங்க. ஃபிளாஷ்பேக்கும் குட்டிக் குட்டிக் காட்சிகளும் அத்தனை இருந்ததால வேற வழி இல்ல. 208 எபிசோட்ல 196-ஐ இயக்கினவர் பமீலா ஃப்ரைமன், கடைசி எபிசோடும் அவர்தான். காலத்துல முன்னும் பின்னும் தாவுறது இந்தத் தொடரோட பெரிய பலம். 'லாஸ்ட் ஃபாரெவர்'ல அந்தப் பலமே பாரமாச்சு. 2015, 2016, 2018, 2020-ன்னு தாவித் தாவி போறப்ப ஒவ்வொரு வருஷமும் செய்திச் சுருக்கமா சுருங்கிடுச்சு.

பூட்டி வச்ச முடிவு எவ்வளவு ஆபத்துன்னு அவங்களுக்கே தெரியாம இல்ல. தொடர் ஆரம்பத்துலயே நிறுத்தப்பட்டா முதல் சீசன்ல டெட் காதலிச்ச விக்டோரியாவையே அம்மாவா ஆக்கிடலாம்னு மாற்றுத் திட்டம் வச்சிருந்தாங்க. அப்படி வளைஞ்சு கொடுக்கிற ஏற்பாடு பசங்க காட்சிக்கும் இருந்திருக்கணும். ராபின் பேச்சு இல்லாம இன்னொரு வடிவமும் 2006-லயே எடுத்து வச்சிருந்தா, 2014-ல எழுதினவங்க கை கட்டப்பட்டிருக்காது.

சைன்ஃபெல்ட்ங்கிற இன்னொரு அமெரிக்க சிட்காமோட ஒப்பிடுறவங்க இருக்காங்க. 1998 மே 14-ல வந்த அந்தக் கடைசி எபிசோடை 7 கோடியே 60 லட்சம் பேர் பார்த்து, பெரும்பாலானவங்க ஏமாந்து போனாங்க. ஆனா காரணம் நேர் எதிர். அங்க நாலு பேரையும் கோர்ட்டுல நிறுத்தி ஜெயில்ல போட்டாங்க. யாரும் மாறவே இல்லைங்கிறதுதான் அந்த முடிவோட பேச்சே. இங்க எல்லாரும் மாறின பிறகு பழைய இடத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

---

பழைய சோபா

மாடிப்படி, மேக்ஸ் இணை பத்தி நீங்க சொன்னதை ஒத்துக்கிறேன். அந்த எபிசோடை ட்ரேசியோட அறிமுகமா மட்டும்தான் பார்த்திருந்தேன்.

வெட்டு ஒட்டு கொடுத்த வரிசையில ஒண்ணு சேர்க்கணும்: முதல் சீசன் 9-வது எபிசோட், 'பெல்லி ஃபுல் ஆஃப் டர்க்கி'. அதுல கிளப்ல ஆடுற ஒரு பொண்ணு தன்னோட நிஜப் பேர் ட்ரேசின்னு சொல்றாங்க. இப்படித்தான் உங்க அம்மாவைச் சந்திச்சேன்னு டெட் சொன்னதும் பசங்க ரெண்டு பேரும் அதிர்ந்து போறாங்க, உடனே அவன் விளையாட்டுக்குன்னு சொல்லிடுறான். அம்மா பேர் நமக்குத் தெரிய வர்றது 'லாஸ்ட் ஃபாரெவர்'லதான். அதனால இதை முதல்ல பார்க்காதீங்க, கடைசி எபிசோட் முடிஞ்சதும் பாருங்க. அந்தப் பேரைக் கேட்டு பசங்க முகம் ஏன் அப்படி மாறுச்சுன்னு அப்போ புரியும்.