செலியாக் சந்தேகம்: பிள்ளைக்கு வீட்டில் பிரெட் சுடுவதா, பிரெட்டையே மறப்பதா?

கோபிக்காரி:
பாப்பாவுக்கு நாலு வயசு. ஆறு மாதமாக வயிறு உப்பசம், அடிக்கடி பேதி, எடை ஏறவே இல்லை. கோவையில் காட்டினோம். செலியாக்காக இருக்கலாம், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய், ரத்தம் எடுத்துப் பாருங்க என்றார் டாக்டர். அடுத்த வாரம் போகிறோம். குளூட்டன் இல்லாத பிரெட் கடையில் முந்நூறு ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். இவளோ தினமும் பாலில் பிரெட் தொட்டுத் தின்பவள். மலிவாக வீட்டில் சுட வழி தெரிந்தால் சொல்லுங்க. நேற்றிலிருந்து கோதுமையை நிறுத்திவிட்டேன்.

சூலூர் அம்மிச்சி:
நிறுத்தினது நல்லதாப் போச்சு கண்ணு. பிரெட் எதுக்கு? சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊத்து. கம்பஞ்சோறு, ராகிக் களி, அரிசிம்பருப்பு சோறு, இதில் எதில் கோதுமை இருக்கு? கோதுமை தின்கிற ஊர்க்காரங்க நோய் நமக்கு எங்கிருந்து வரும்?

லேப் தம்பி, திருப்பூர்:
அக்கா, முதலில் கோதுமையைத் திரும்பக் கொடுங்க. டிடிஜி ஐஜிஏ என்ற அந்தப் பரிசோதனை, கோதுமை உள்ளே போவதால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுது. நிறுத்திவிட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். நோய் இருந்தும் ‘இல்லை’ என்று ரிப்போர்ட் வரலாம். ஒரு நாளில் ஒன்றும் கெட்டுவிடவில்லை, டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. மொத்த ஐஜிஏ (அந்த எதிர்ப்பொருளின் வகை) அளவும் சேர்த்து எடுக்கச் சொல்கிறாரா என்று பாருங்க. அது பிறவியிலேயே குறைவான பிள்ளைகளுக்கு முதல் பரிசோதனை ஏமாற்றும்.

அம்மிச்சி, வடக்கே நூற்றுக்கு ஒருவர் கணக்கு, நம் பக்கம் அதைவிட ரொம்பக் கம்மி. அதுக்காக வராது என்று சொல்லிவிட முடியாதுங்க.

சூலூர் அம்மிச்சி:
வயித்து வலியில் துடிக்கிற பிள்ளைக்கு அதையே ஊட்டச் சொல்றதென்ன நியாயம் தம்பி?

லேப் தம்பி:
துடிக்கிறது என்றால் பரிசோதனையை முன்னாடி நகர்த்தலாம். இப்போது நிறுத்தி, ரிசல்ட் குழப்பி, பிறகு வாரக்கணக்கில் மறுபடி கோதுமை ஊட்டிப் பார்க்கச் சொன்னால் அது இதைவிடக் கொடுமை. இருக்கிறது என்று உறுதியானால் ஆயுசுக்கும் பத்தியம். அதைச் சந்தேகத்தின் பேரில் எப்படித் தொடங்குவது?

பேக்கரி மாப்ளே, பொள்ளாச்சி:
ரிசல்ட் வரட்டும், அதுவரை கை பழகுங்க. பச்சரிசி மாவு 200 கிராம், மரவள்ளி மாவு 100 கிராம் (சேலம் பக்கம் ஜவ்வரிசிக்கு எடுக்கிற அதே ஸ்டார்ச்), ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை ஒரு ஸ்பூன், உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய், ஒரு முட்டை. இழுவை கொடுப்பது இசப்கோல் உமி 15 கிராம். மருந்துக்கடையில் மணம் சேர்க்காததாக வாங்கி, 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறப் போட்டால் நுங்குபோல் ஆகும். எல்லாம் சேர்த்தால் வடை மாவுப் பதம் வரும். பிசைந்து அடிக்காதீங்க, அச்சில் ஊற்றி ஒரே தடவை பொங்க விடுங்க. 180 டிகிரியில் 50 நிமிடம். முக்கியமாக, சூடாக அறுக்கக் கூடாது. உள்ளே களியாக ஒட்டும்.

1500 வாட் அடுப்பு என்றால் ஒரு தடவைக்கு ஒன்றேகால் யூனிட் கரண்ட். என் கடையில் சுட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். காற்றெல்லாம் மைதாத் தூசி.

ஈரோடு டீச்சரம்மா:
என் பையனுக்கு மூன்று வருஷமாகச் செலியாக். மாப்ளே சொன்னது வெறும் மாவுச்சத்து, பிள்ளைக்கு அதில் என்ன இருக்கு? இந்த நோயில் இரும்பும் கால்சியமும் சரியாகச் சேராது. அரிசியில் மூன்றில் ஒரு பங்கை ராகியாக்குங்க; 100 கிராம் ராகியில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு. கறுப்பாகத்தான் வரும், பரவாயில்லை.

மாவு மில்லில் கொடுத்து அரைக்காதீங்க. நான் சோளமும் அரிசியும் அரைத்து வந்தேன், எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருக்கிறார். பத்து நாள் பையனுக்கு வயிறு சரியில்லை, காரணம் பிடிபட அத்தனை நாள். இப்போது எல்லாம் மிக்ஸியில்தான்.

அம்மிச்சி, உங்க அரிசிம்பருப்பில் பெருங்காயம் போடுவீங்களா? கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்க.

சூலூர் அம்மிச்சி:
பார்த்தேன். இருக்கு. எத்தனை வருசமாப் போடறேன்! சரி, பெருங்காயம் போச்சு. பிரெட்டுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

ஈரோடு டீச்சரம்மா:
பள்ளியில் பத்துப் பிள்ளைகள் சாண்ட்விச் பிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் களி உருண்டையை மறைத்து வைத்துத் தின்பதைப் பார்த்திருக்கேன்ங்க. என் பையன்தான் அது.

பேக்கரி மாப்ளே:
அடுப்பு இல்லாதவங்க இட்லிச் சட்டியில் அரை மணி நேரம் அவித்து, ஆறவைத்து, தோசைக்கல்லில் வாட்டலாம். மேல்தோல் சிவக்காது, மற்றபடி பிரெட்தான்.

சூலூர் அம்மிச்சி:
அதுக்குப் பேர் இட்லி, மாப்ளே.

கோபிக்காரி:
டாக்டரிடம் பேசினேன். தம்பி சொன்னதையே சொன்னார். திங்கட்கிழமையே ரத்தம் எடுக்கிறோம். பாப்பா அதுவரை பழைய பிரெட்டே தின்கிறாள். இது என் ஒத்திகை: ராகி சேர்த்து நேற்று ஒன்று சுட்டேன். மேலே வெடிக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டு அறுத்துவிட்டேன், நடுவில் இரண்டாகப் பிய்ந்து உதிர்ந்துவிட்டது.

சூலூர் அம்மிச்சி:
உதிர்ந்ததைக் கொட்டிராதே கண்ணு. சின்ன வெங்காயம் அரிந்து போட்டு உப்புமாவாத் தாளி. பெருங்காயம் வேண்டாம்.