சூடானதும் அணையும் பவர் சப்ளை: கோளாறு சால்டரிலா, மாஸ்ஃபெட்டுக்கு உள்ளேயா?

வணக்கம். 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் வகை பவர் சப்ளை) ஒன்று நன்றாக ஓடிக்கொண்டே சூடேறியதும் அணைந்துவிடுகிறது. ஆறினால் மறுபடி வருகிறது. ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) திருகிய மாஸ்ஃபெட்டின், அதாவது மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டரின், நடுக்காலைச் சுற்றி, சால்டரில் முடி போல ஒரு வளைய விரிசல் இருந்தது.

பெரிய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்தேன். காலைப் பற்றவைத்த பிறகு திருகை முறுக்கினால் இழுப்பு முழுக்க இணைப்பில்தான் விழும். அதனால் திருகை முதலில் இறுக்கி, அப்புறம்தான் சால்டர் வைத்தேன். அப்படியும் கோளாறு திரும்பிவிட்டது, விரிசல் மட்டும் இல்லை! ஆறிய நிலையில் மல்டிமீட்டர் எல்லாம் சரி என்கிறது.

மாஸ்ஃபெட்டுக்கு உள்ளே சில்லைக் காலோடு இணைக்கும் மெல்லிய பாண்ட் கம்பி விட்டிருக்குமோ? கழற்றாமல் உறுதிசெய்ய முடியுமா? பாகத்தைச் சட்டென்று குளிரவைக்கும் கூலிங் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். புதியது போடும்போது, காலை உடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் குறடால் பிடித்து வளைக்கலாம்?