காலிபர்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் 'காலிபர்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் தமிழ் கேட்டேன். துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் என்று பொதுவாகச் சொல்வார்களே, அது. இவ்வளவு மடல் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன், இரண்டு மடல்களை இரண்டு தடவை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகன் வேல்ஸில் ஓர் ஆட்டுப்பண்ணையில் வேலை பார்க்கிறான். ஆடுகள் குட்டி போடும் மாதங்களில் செந்நரி வந்து ஈரம் காயாத குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். பண்ணைக்காரர் உரிமம் வைத்துச் சுடுகிறவர். இவனும் உரிமத்துக்கு எழுதிப்போட நினைக்கிறான். அவர் கொடுத்த குறிப்பு ஒன்றை அனுப்பி, "மாமா, இதைத் தமிழில் எழுதித் தாங்க, இங்கிலீஷில் படித்தால் மண்டையில் நிற்க மாட்டேங்குது" என்றான். அதன் முதல் வரியே "நரிக்கு எந்த காலிபர்?" என்பதுதான். நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

இடையில் ஒன்று. "நம்ம ஊர் நரிக்கும் இது பொருந்துமா?" என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது. இங்கே நரியைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரச்சீனியைப் பன்றி தோண்டினாலும் கோழியை நரி பிடித்தாலும் வனத்துறைக்குத்தான் போக வேண்டும். நாம் பேசுவது சொல்லைப் பற்றி மட்டும்.

இனி, வந்த சொற்கள்.

> புழையளவு. புழை என்றால் உட்துளை. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர் உண்டே.

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் ஐயா, விளவங்கோடு பக்கம் போய்ப் புழை என்று சொல்லிப் பாருங்கள். மலையாளம் கலந்த காது, எல்லார் மனதிலும் ஆறுதான் ஓடும். என் மனைவி களியக்காவிளைக்காரி. "புழையளவு" என்றதும் "எந்த ஆத்துல எவ்வளவு வெள்ளம்?" என்று கேட்டாள். மதுரைக்காரருக்குச் சிக்கல் இருக்காது, நமக்கு இருக்கிறது.

> அச்சளவு. காலிபர் என்பதே அரபியில் வார்ப்பச்சைக் குறிக்கும் 'காலிப்' என்ற சொல்லில் இருந்து வந்தது. பீரங்கி வார்த்த ஊர்க்காரன் சொல்கிறேன், கேளுங்கள்.

தக்கலை நண்பர் சொல்வது உண்மைதான். 1741இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கு அவர்தான் தக்கலைப் பக்கத்து உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்தார். ஆனால் ஒன்று, அந்தக் காலத்துப் பீரங்கியைப் பொதுவாக விட்டம் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குண்டின் எடைதான் பெயர்: ஆறு பவுண்டு பீரங்கி, பன்னிரண்டு பவுண்டு பீரங்கி. தவிர, அச்சு என்றால் இன்று நமக்குப் புத்தகம் அச்சடிப்பதும் வண்டி அச்சும்தான் நினைவுக்கு வரும். சொல் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி, அதற்காக அதையே மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

> குழல்விட்டம். எளிது, பள்ளிப்பிள்ளைக்கும் புரியும். இதோடு விவாதத்தை முடித்துவிடலாமே.

நானும் முடித்துவிடத்தான் நினைத்தேன். பார்வதிபுரத்தில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரே வரியில் கெடுத்தார்: "விட்டம் சரி, எங்கே வைத்து அளந்த விட்டம்?"

ரைஃபிள் குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்காது. குண்டு சுழன்று போவதற்காக உள்ளே திருகலாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பள்ளத்துக்குப் பள்ளம் நடுவில் வரப்பு மாதிரி மேடு நிற்கும். மேட்டுக்கு மேடு அளந்தால் ஒரு கணக்கு, பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் இன்னொன்று. பழைய .303 ரைஃபிளின் பெயர் மேட்டளவில் வந்தது, அதில் போகும் குண்டோ .311 அங்குலம். .243 என்பதில் பெயரும் குண்டும் ஒன்றே. .38 ஸ்பெஷல் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவில் குண்டின் விட்டம் .357தான், முப்பத்தெட்டு எங்கேயும் இல்லை. கேட்டால், குண்டையும் வெடிமருந்தையும் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு இருக்கிறதே, பழைய தோட்டாவில் அதன் வெளியளவு என்பார்கள்.

இதெல்லாம் புதுமையாகத் தெரிந்தால் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் அரை இஞ்ச் இரும்புக் குழாய் கேளுங்கள். வெர்னியரை வைத்தால் வெளிவிட்டம் 21.3 மி.மீ. இருக்கும். உள்விட்டமும் அரை இஞ்சான 12.7க்கு வராது, கூடவே இருக்கும். ஆனாலும் அது அரை இஞ்ச் பைப்தான். கடைக்காரரும் பிளம்பரும் நாமும் அதைப் பெயராக ஏற்றுக்கொண்டோம், அளவாக அல்ல.

எனக்கு இங்கேதான் பொறி தட்டியது. குறிப்பின் நடுப்பக்கத்துக்குப் போனால் விஷயம் இன்னும் தெளிவாகும். நரிக்கென்று அது நான்கு பெயர்களை வரிசைப்படுத்துகிறது: .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்), .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .243 வின்செஸ்டர். ரெமிங்டன், வின்செஸ்டர் எல்லாம் கம்பெனிப் பெயர்கள். முதல் மூன்றின் குண்டு விட்டத்தையும் பாருங்கள். .22 எல்ஆருக்கு .223 அங்குலம். .223 என்று பெயர் வைத்திருப்பதற்கு .224 அங்குலம். .22-250க்கும் அதே .224. தலைமுடி அளவு வித்தியாசம்கூட இல்லை. வேலையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். .22 எல்ஆர் குண்டு குழலைவிட்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் சுமார் 190 ஜூல். .223க்குச் சுமார் 1,700. .22-250க்குச் சுமார் 2,200. முதலாவது முயலுக்கு ஆகும், நரிக்கு என்றால் ரொம்பக் கிட்டத்தில் வந்து நின்றால் மட்டும். மற்ற இரண்டும் அறுபது எழுபது மீட்டர் தாண்டி நிற்கும் நரியையும் துடிக்கவிடாமல் வீழ்த்தும்.

கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது நாங்கள் சுட்டது அந்த .22தான். குப்புறப் படுத்து ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் வெற்றுக்கூடுகளை எண்ணி ஹவில்தார் கையில் கொடுக்க வேண்டும். உள்ளங்கையில் ஐந்தையும் வைத்தால் பித்தளைக் கம்மல் மாதிரி இருக்கும், ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர்தான். .223இன் கூடு நாலரை சென்டிமீட்டர், வயிறு பருத்து கழுத்து ஒடுங்கியது. வாயளவு இரண்டுக்கும் ஒன்று, வயிற்றில் போகும் மருந்துதான் வேறு. குழல்விட்டம் என்று மொழிபெயர்த்தால் "நரிக்கு எந்தக் குழல்விட்டம்?" என்று ஆகும். அதற்கு விடை "மூன்றும் ஒன்றுதான், எதையாவது எடு" என்று வரும். பையன் .22ஐத் தூக்கிக்கொண்டு போய் நரியைக் காயப்படுத்திவிட்டு வருவான்.

இன்னொரு சங்கடம், அந்த ஊர்ச் சட்டமே சொல்லை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் மான் வேட்டைக்கான 1991ஆம் ஆண்டுச் சட்டம், பெரிய மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறைந்த காலிபர் கூடாது, ஆற்றல் 2,305 ஜூலுக்குக் குறையக்கூடாது என்கிறது. இது நிஜமான விட்டம். நரியும் மானும் இரண்டும் வரும் பண்ணைகளில் .243 வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதே ஆள் கையில் இருக்கும் போலீஸ் உரிமத்தைப் பாருங்கள், காலிபர் என்ற கட்டத்தில் தோட்டாவின் பெயர் இருக்கும். அங்கே .22-250 என்று எழுதினால் 22 குண்டுக்கு, 250 அந்தக் கூடு எந்தப் பழைய தோட்டாவில் இருந்து வந்தது என்பதற்கு. .30-06இல் 06 என்பது 1906. ஆண்டுக்கு ஏது விட்டம்?

ஆகவே என் கோரிக்கை: ஒரு சொல் போதாது. அளவுக்குக் குழல்விட்டம். பெயருக்குத் தோட்டாக்குறி. தோட்டாவின் அடித்தட்டில் அதன் பெயரை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். துப்பாக்கிக் குழலிலும் அதே பெயர் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் போட வேண்டும். அதனால் குறி.

எதிர்ப்பு இருந்தால் இன்று இரவுக்குள் எழுதவும், பையன் காத்திருக்கிறான்.

நாகர்கோவிலில் இருந்து.

*

முட்டத்தில் இருந்து:

அண்ணாச்சி, இரண்டு சொல் வேண்டும் என்பது சரிதான். எங்கள் கடற்கரையில் இது எப்போதோ தீர்ந்துபோன வழக்கு. வலைக்குக் கண்ணளவு உண்டு, அதை விரலை விட்டும் அளப்போம், ஸ்கேலை வைத்தும் அளப்போம். ஆனால் கடலுக்குப் போகிறவன் "எத்தனை மில்லிமீட்டர் எடுத்துட்டுப் போற?" என்று கேட்க மாட்டான், "என்ன வலை?" என்றுதான் கேட்பான். சாளவலை, நெத்தோலி வலை. அந்தப் பெயருக்குள்ளேயே கண், நூல் கனம், ஆழம் எல்லாம் அடக்கம். தூண்டிலில் நம்பர் ஏற ஏறக் கொக்கி சிறுக்கும், அது தெரியாமல் பெரிய நம்பர் வாங்கி வந்து திட்டு வாங்கியவன் நான். துப்பாக்கியிலும் அப்படி ஏதாவது உண்டா?

ஆனால் தோட்டாக்குறி வேண்டாம். குறி என்றாலே குறிபார்ப்பதுதான் துப்பாக்கிக்காரனுக்கு. "தோட்டாக்குறி தவறினால் ஆபத்து" என்று நீங்கள் எழுதினால், சரியாக இலக்கு பார்க்கவில்லை என்றுதான் அவன் நினைப்பான். அப்புறம் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு, பள்ளிப் பாடநூலில் வந்தால் வகுப்பே சிரிக்கும்.

*

பார்வதிபுரத்தில் இருந்து:

தோட்டா வகை என்று போட்டால் என்ன?

*

நாகர்கோவிலில் இருந்து:

முட்டத்துத் தம்பிக்கு: உண்டு. பன்னிரண்டு போர் துப்பாக்கி அப்படித்தான் (போர் என்றால் சண்டை இல்லை, bore, குழல்துளை). ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை அதன் குழலுக்குச் சரியாக இருக்கும், 18.5 மி.மீ. இருபது போர் என்றால் இருபது உருண்டை, குழல் சிறுத்து 15.6. உன் தூண்டில் கணக்கேதான். குறி பற்றிச் சொன்னது முழுக்க நியாயம், இரண்டாவது காரணத்தையும் சேர்த்து. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

லேத் அண்ணாச்சிக்கு: வகை என்பதை ஏற்கெனவே வேறு இடத்தில் செலவழித்துவிட்டேன். ஒரே .223இல் மென்முனைக் குண்டும் உண்டு, முனை குழிந்த குண்டும் உண்டு. குறிப்பின் மூன்றாம் பக்கம் முழுக்க அதுதான், அங்கே குண்டு வகை என்று எழுதிவிட்டேன். அதற்குப் பக்கத்தில் தோட்டா வகை என்று வந்தால் படிப்பவனுக்குக் குழப்பம்.

வலை எடுத்துக்காட்டிலேயே விடை இருக்கிறது. "என்ன வலை?" என்றால் பெயரைச் சொல்கிறோம், அவ்வளவுதான். தோட்டாப்பெயர் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க எளிய சொல்தான், ஆனால் எண் இருந்தாலும் இது அளவு இல்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது. பட்டியலில் இப்படிப் போகிறது:

காலிபர் (அளவு): குழல்விட்டம். மேட்டளவா பள்ளத்தளவா என்று குறிப்பிடுக.
காலிபர் (பெயர்): தோட்டாப்பெயர். எ-டு: .22-250 ரெமிங்டன். எண்ணை அளவாகக் கொள்ளற்க.

பையனுக்கு முதல் வரியை "நரிக்கு எந்தத் தோட்டா?" என்று எழுதி அனுப்பிவிட்டேன். பேச்சில் பெயர் என்ற சொல்லே தேவைப்படவில்லை, படிவத்தில்தான் தேவைப்படுகிறது. "இப்ப புரியுது மாமா" என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு கேள்வி: சுடும்போது நரிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டுமாம், தப்பிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் போய்விடாமல் அதில் புதைய. அதற்குத் தமிழில் என்ன? பின்திட்டு என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.