புதுப்பிப்பு: வாஷ்பேசினுக்கு அருவிக் குழாய், தெறிப்பு நின்ற கதை

குளியலறை வாஷ்பேசினுக்கு அருவிபோல அகலமாக நீர் விழும் குழாய் வாங்கினால் தெறிக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. வாங்கிப் பொருத்தியாயிற்று.

“அழகை அப்புறம் பாருங்கள், முதலில் அளவெடுங்கள்” என்று ஒருவர் சொன்னதுதான் காப்பாற்றியது. நான் ஆசைப்பட்ட உயரமான குழாயின் வடிவத்தை அட்டையில் வெட்டி நிறுத்திப் பார்த்தேன். நீர் பேசினின் பின்பக்கச் சரிவிலேயே விழும் என்று தெரிந்தது. அதை விட்டுவிட்டு, வடிகால் துளைக்குச் சற்று முன்னே நீர் விழும்படி, குட்டையான, மூக்கு நீண்ட ஒன்றை எடுத்தேன்.

ஆனாலும் முதல் நாளே சட்டை நனைந்தது. சாதாரணக் குழாயின் முனையில் காற்றைக் கலந்து நீரை மென்மையாக்கும் சல்லடை இருக்கும். இதில் அது கிடையாது. பேசினுக்குக் கீழே, குழாய்க்கு வரும் நீரைக் கூட்டிக் குறைக்க உள்ள ஆங்கிள் வால்வைக் குறைக்கச் சொன்ன யோசனையே தெறிப்பை நிறுத்தியது. வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனி வால்வு என்பதால் இரண்டையும் ஒரே அளவில் குறைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: வால்வை அதிகமாகக் குறைத்தால் நீர் விளிம்பைத் தாண்டி விழாமல், மூக்கின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு பின்னோக்கி வழிகிறது! கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஏடுபோல நீர் விரியும் இடத்தில் நிறுத்தினேன். குழாயின் மூக்கு திறந்த வாய்க்கால்போல இருப்பதால் உப்புக்கறை பளிச்சென்று தெரிகிறது. இரவில் துணியால் ஒருமுறை துடைத்துவிடுகிறேன்.