'பிரேக் கிராப்' என்பதற்குத் தமிழ்: தொடர்முறிப் பயிர் (லூபினையும் கரும்பையும் முன்வைத்து)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வேளாண் கலைச்சொல் பட்டியலில் 'பிரேக் கிராப்' (ஒரே பயிர் ஓயாமல் வரும் நிலத்தில் அந்தத் தொடரை நிறுத்த நடுவில் போடும் வேறு பயிர்) என்ற சொல்லுக்கு நேரே இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மாற்றுப்பயிர், சுழற்சிப்பயிர், இடைப்போகப் பயிர். நான் முன்வைப்பது தொடர்முறிப் பயிர். காரணம் சொல்ல ஆஸ்திரேலியாவின் இரு கரைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்கே லூபின், கிழக்கே கரும்பு. தேவையிலும் பயனிலும் இந்த இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்ப் பயிர்கள். ஆனால் இரண்டு பக்க உழவர்களும் 'பிரேக் கிராப்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நாம் ஆக்கும் சொல் இரண்டு வயலுக்கும் பொருந்தியாக வேண்டும்.

லூபின் அவரைக் குடும்பச் செடி. ஒரே காம்பின் நுனியில் விரல்விரலாகப் பிரியும் இலை, நுனியில் பூங்கதிர், உள்ளே பயறு உள்ள காய். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலங்களில், ஆழமான அமிலத்தன்மையுள்ள மணலில் இது நன்றாக வருகிறது. ஆண்டு மழை 300 முதல் 450 மில்லிமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ விதைப்பு, அக்டோபர், நவம்பரில் அறுவடை. ஆணிவேர் மணலில் ஆழமாக இறங்கிவிடுவதால் மேல்மண் காய்ந்தாலும் தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்பு மண்ணும் தேங்கிய நீரும் ஆகவே ஆகாது. தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துக் கொடுக்கிறது.

கிழக்கே குவீன்ஸ்லாந்து மாநிலக் கடற்கரைக் கரும்பு வேறு உலகம். டல்லி, இன்னிஸ்ஃபெய்ல் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பர்டெக்கின் பகுதியில் அவ்வளவு மழை இல்லை, பாசனம்தான். வெயிலும் வெப்பமும் நீரும் ஒன்றாக வேண்டும். ஒரு முறை கரணை (கரும்புத் துண்டு) நட்டால் முதல் வெட்டு, அதன் பின் வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கும் மறுதாம்பு, மறுபடி மறுதாம்பு என்று நான்கைந்து ஆண்டு நிலத்தை விட்டு நகராது. உரப்பசியும் அதிகம். நம் ஊரிலேயே நடவுக் கரும்புக்கு ஹெக்டேருக்கு 250 கிலோவுக்கும் மேல் தழைச்சத்து பரிந்துரைக்கிறார்கள். குவீன்ஸ்லாந்தில் கரும்பு குடிக்காமல் விட்ட தழைச்சத்து மழைநீரோடு ஓடிப் பவளத்திட்டுக் கடலில் சேர்வது பெரிய பிரச்சினை.

இதை வைத்து "பயறு கொடுக்கும், கரும்பு எடுக்கும்" என்று ஒரு மடலில் எழுதியிருந்தார்கள். முழுக்க அப்படி இல்லை. கரும்பின் தண்டுக்குள்ளேயே வாழ்ந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் ஒரு பாக்டீரியாவை பிரேசிலில் ஜொஹானா டோபரைனரும் உடன் ஆய்வாளரும் 1988-ல் விவரித்தார்கள். இன்று அதே வகை நுண்ணுயிர் உரம் நம் கரும்பு உழவர்களுக்கும் கிடைக்கிறது. லூபின் அளவுக்கு அதை மட்டுமே நம்பிக் கரும்பு வளர்க்க முடியாது என்பதும் உண்மை.

பயனில் கரும்பை விஞ்சுவது கடினம். சாறு சர்க்கரையாகிறது, சக்கை ஆலையின் கொதிகலனில் எரிந்து மின்சாரமாகிறது, கழிவுப்பாகு எத்தனால் ஆகிறது, ஆலைச்சேறு மறுபடி வயலுக்கே உரமாகப் போகிறது. லூபின் ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு டன் பயறுதான் தரும். அந்தப் பயறில் புரதம் 30 விழுக்காட்டுக்கும் மேல். பெரும்பகுதி ஆடு, மாடு, பன்றி, மீன் தீவனத்துக்குப் போகிறது. எகிப்திலும் இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் வெள்ளை லூபினை நாள்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கசப்பைப் போக்கி உப்போடு கொறிக்கிறார்கள். ஆண்டிஸ் மலையில் தார்வி என்ற லூபினையும் இப்படித்தான் நீரில் போட்டுக் கசப்பெடுக்கிறார்கள். (வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லூபினும் ஒவ்வாமல் போகலாம். அகராதிக் குறிப்பில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.)

ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் லூபின் பயிரிடுபவர் பயறு விலையை மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. கோதுமைக்குப் பின் கோதுமை, அதன் பின்னும் கோதுமை என்று போட்டால் கோதுமை வேரைத் தாக்கும் 'டேக்-ஆல்' பூஞ்சை மண்ணில் பெருகிக்கொண்டே போகும். அதற்குத் தங்கி வாழப் புல்லினப் பயிர் வேண்டும். லூபின் வேரில் அதற்கு இடமில்லை. ஓராண்டு லூபின் வந்தால் பூஞ்சை பட்டினியில் மெலியும். புல்வகைக் களைகளை மட்டும் கொல்லும் மருந்தையும் அந்த ஆண்டில் தைரியமாக அடிக்கலாம். தழைச்சத்து மிச்சம். அடுத்த ஆண்டுக் கோதுமையில்தான் லூபினின் முழு வருமானம் தெரியும்.

குவீன்ஸ்லாந்தில் நடந்ததும் இதேதான், கொஞ்சம் தாமதமாக. கடைசி மறுதாம்பை உழுது போட்டுவிட்டு உடனே கரணை நடுவது வழக்கமாகிப் போனது. விளைச்சல் தேங்கியது. 1993-ல் தொடங்கிய கூட்டு ஆய்வு, ஓயாமல் கரும்பே இருப்பதும் கனரக இயந்திரங்கள் மண்ணை இறுக்குவதும் மிதமிஞ்சிய உழவும்தான் காரணம் என்று காட்டியது. வேரழுகல் பூஞ்சையும் வேரைத் துளைக்கும் நூற்புழுவும் மண்ணில் குடியேறியிருந்தன. கரும்புத் தொடரை நிறுத்தி நடுவில் வேறு பயிரோ புல்தரையோ வெறும் தரிசோ விட்டுப் பார்த்த சோதனைகளில் அடுத்த கரும்பு 20 முதல் 30 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. இன்று அங்கே பலர் அந்த இடைவெளியில் சோயாவோ வேர்க்கடலையோ போடுகிறார்கள். அது வெப்பமும் மழையும் சேர்ந்த பருவம், ஆகவே லூபின் அங்கே சரிப்படாது. செடி வேறு, செய்யும் வேலை ஒன்றே. நாம் பெயர் வைக்க வேண்டியது அந்த வேலைக்குத்தான்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

மாற்றுப்பயிர் என்றால் நம் ஊரில் வேறு பொருள் பதிந்துவிட்டது. தண்ணீர் போதாத ஆண்டில் நெல்லை விட்டுவிட்டுச் சிறுதானியமோ பயறோ போடச் சொல்லும்போது அதிகாரிகள் சொல்வது மாற்றுப்பயிர். அங்கே நெல்லுக்குப் பதிலாக இன்னொன்று வருகிறது. லூபின் கோதுமைக்குப் பதிலாக வரவில்லை. கோதுமை திரும்பி வரும்போது நன்றாக விளையட்டும் என்று வருகிறது.

சுழற்சிப்பயிர் தவறில்லை, ஆனால் போதாது. பயிர்ச்சுழற்சி என்பது முழு ஏற்பாட்டின் பெயர். சுழற்சியில் கோதுமையும் ஒரு பயிர், லூபினும் ஒரு பயிர். எது தொடரை அறுக்கிறது என்று அந்தச் சொல் காட்டாது.

இடைப்போகப் பயிர் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. போகம் நம் உழவரின் சொல். குவீன்ஸ்லாந்து சோயாவுக்கு அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அது உழுத கரும்புக்கும் நடப்போகும் கரும்புக்கும் இடையிலுள்ள சில மாதங்களில் வளர்கிறது. லூபினுக்குப் பொருந்தாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒரே போகம். அந்த ஒன்றையே லூபின் எடுத்துக்கொள்கிறது. இடையில் செருக இன்னொரு போகமே இல்லை.

ஊடுபயிர் என்று யாரும் முன்மொழியவில்லை, ஆனாலும் குழப்பம் வரக்கூடும். நம் பக்கம் கரும்பு நட்ட சில நாளில் பாரின் ஓரத்தில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து 45-ஆம் நாள் வாக்கில் மடக்கி மண்ணணைக்கிறார்கள். அது கரும்போடு கூட வளர்வது. தழையுரம் கிடைக்கும், கரும்புத் தொடர் அறுபடாது. இந்த வேறுபாட்டைச் சொல்லே உணர்த்த வேண்டும்.

தொடர்முறிப் பயிர் இதைச் செய்கிறது என்று நினைக்கிறேன். ஒரே பயிர் ஓயாமல் வரும் தொடரையும், அதை ஒட்டி வரும் நோய்த் தொடரையும் முறிப்பது. "முறி என்றால் பயிர் ஒடிந்ததுபோலத் தொனிக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். வெறும் 'முறிபயிர்' என்றால் அந்தச் சிக்கல் வரும், கரும்பு வயலில் இன்னும் வரும். 'தொடர்' முன்னால் நிற்கும்போது எது முறிகிறது என்பது தெளிவு. நச்சுமுறி என்று மருந்துக்குச் சொல்லிப் பழகியவர்கள்தானே நாம். அதே அமைப்பில் போகலாம். வினையாகவும் வரும்: "இந்த ஆண்டு உளுந்து போட்டுத் தொடரை முறிக்கிறோம்." வெறும் தரிசாக விட்டால் தொடர்முறித் தரிசு.

செடியின் பெயரைப் பொறுத்தவரை லூபின் என்றே இருக்கட்டும். இலத்தீன் வேரைப் பிடித்து ஓநாய்ப்பயறு என்று சொல்வதால் வாசகருக்கு எதுவும் விளங்காது. ஒரு திருத்தம் மட்டும் அவசியம்: பட்டியலில் 'இனிப்பு லூபின்' என்று இருக்கிறது. அந்தப் பயறு இனிக்காது. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ஃபான் செங்புஷ் பெருந்திரளான செடிகளைச் சோதித்து, கசப்புக் காரப்பொருள் (ஆல்கலாய்டு) மிகக் குறைந்த சிலவற்றைப் பொறுக்கி எடுத்தார். பின்னர் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் அதைக் குறுகிய இலை லூபினில் நிலைநிறுத்தி, காய் வெடிக்காத குணத்தையும் சேர்க்கப் பாடுபட்டார். 1967-ல் யூனிவைட் ரகம் வந்தது. நடந்தது கசப்பு நீக்கம். கரும்பும் அதே பக்கத்தில் இருக்கும்போது 'இனிப்பு' என்று எழுதினால் படிப்பவர் சர்க்கரை என்றே எடுத்துக்கொள்வார். கசப்பற்ற லூபின் என்று மாற்றலாம்.

பட்டியலுக்கான வரையறை வரைவு: 'தொடர்முறிப் பயிர்: ஒரே பயிரையோ ஒரே இனப் பயிர்களையோ தொடர்ந்து பயிரிடும் நிலத்தில், அவற்றின் நோய், பூச்சி, களைத் தொடரை அறுத்து மண்ணைத் தேற்றுவதற்காக நடுவில் தனித்துப் பயிரிடப்படும் வேறினப் பயிர்.'

இன்னொன்றும் முடிவாக வேண்டும். வரையறைக்கு எடுத்துக்காட்டு எழுதும்போது மறுதாம்பு என்று போடுவதா, கட்டைக்கரும்பு என்று போடுவதா? பல்கலைக்கழக நூல்களில் முன்னது, வயலில் பின்னதைக் கேட்கிறேன். விழுப்புரம், கடலூர், ஈரோடு பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊர் வழக்கை எழுதுங்கள்.

அன்புடன்.