பிரவுசர்ல ஓடுற குட்டி இண்டி கேம்ஸ்: அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சா அது கேமா, பாடமா?

மொட்டைமாடி:
கொஞ்ச நாளா டவுன்லோட் பண்ற கேம் எதையும் தொடல, பிரவுசர் டேப்ல திறந்தோமா ஆடினோமா மூடினோமான்னு இருக்கிற சின்ன இண்டி கேம்ஸ் (பெரிய கம்பெனி இல்லாம ஒண்ணு ரெண்டு பேரே பண்றது) தான் ஆடிட்டிருக்கேன். பெரிய கேம்ல முதல் ஒரு மணி நேரம் டுட்டோரியல்லயே போயிடுது, இதுல அந்த நேரத்துக்குள்ள ஒரு முழு கேமே முடிஞ்சிடும்.

ஆனா என் ஃப்ரெண்டு ஒருத்தன், இதெல்லாம் கேமே இல்லடா, கிளிக் பண்ணி படிக்கிற பாடம்ங்கிறான். எனக்கு அது சரின்னு படல. நிக்கி கேஸ் 2016ல பண்ணின வீ பிகம் வாட் வீ பிஹோல்டு எடுத்துக்கங்க, அஞ்சு நிமிஷம் தான். மவுஸ் தான் உங்க கேமரா, வட்டத் தலை சதுரத் தலை ஆளுங்க நடந்துட்டே இருப்பாங்க, நீங்க எடுக்கிற போட்டோ நடுவுல இருக்கிற டிவில வரும். தொப்பி போட்டவனை எடுத்தா எல்லாரும் தொப்பி மாட்டிக்கிறாங்க. ஒரு வட்டமும் சதுரமும் லவ் பண்ணிட்டு நிக்கும், அதை எடுத்தா ஒருத்தனும் கண்டுக்க மாட்டான். எவனாவது கத்தினா அதை எடுங்க, ஊரே பத்திக்கும். கேம் நகரணும்னா நம்ம கை தானா சண்டையைத் தேடிப் போகுது பாருங்க, அதை எந்தக் கட்டுரையும் எனக்குப் புரிய வைக்கல.

அதே ஆளோட தி எவல்யூஷன் ஆஃப் ட்ரஸ்ட் (2017) கூட பிடிக்கும், ஆனா அதுல முதல் பாதி படிக்கிறது ஜாஸ்தி தான், ஒத்துக்கிறேன். நான் ஒரு காசு போட்டா எதிராளிக்கு மூணு காசு போகும், அவன் திருப்பிப் போடுவானா மாட்டானா, அவ்வளவு தான் விஷயம். கடைசில நம்மகிட்டயே ஸ்லைடரைக் கொடுத்து ஏமாத்துறவன் எத்தனை பேர், மன்னிக்கிறவன் எத்தனை பேர்னு மாத்திப் பார்க்க விடுவாங்க, அங்க தான் அது கேமா மாறுது.

நீங்க என்ன நினைக்கிறீங்க? வேற எதாவது இருந்தா சொல்லுங்க.

கீபோர்டு கண்ணன்:
உங்க ஃப்ரெண்டுக்கு கனபால்ட் ஆடக் கொடுங்க ப்ரோ. 2009ல ஆடம் சால்ட்ஸ்மேன் பண்ணினது, ஒரே ஒரு பட்டன், குதிக்கிறது மட்டும் தான். பாடமும் கிடையாது ஒண்ணும் கிடையாது. மொட்டை மாடி மொட்டை மாடியா ஒருத்தன் ஓடிட்டே இருப்பான், வேகம் ஏறிட்டே போகும், பின்னாடி ஊர் இடிஞ்சிட்டிருக்கும், ஏன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வழில கிடக்கிற பெட்டி. அதுல இடிச்சா வேகம் குறையும். முதல்ல அதைத் தாண்டித் தாண்டிப் போவோம், நல்லா ஆட வந்தப்புறம் தான் தெரியும் வேகம் கைமீறிப் போறப்ப வேணும்னே பெட்டில போய் இடிக்கணும்னு. தடங்கலே பிரேக் ஆகுது பாருங்க, ஒரு பட்டன் கேம்ல இவ்வளவு யோசனை வச்சிருக்கான் மனுஷன். நியூயார்க் மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட் 2012ல முதல் தடவையா அவங்க சேகரிப்புல 14 வீடியோ கேம்ஸ் சேர்த்தாங்க, பேக் மேன், டெட்ரிஸ் பக்கத்துல இதுவும் இருக்கு.

ராத்திரி ஷிஃப்ட்:
நல்ல கேள்வி. ஆபீஸ் லேப்டாப்ல எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டாங்க, அதனால என் கேம் வாழ்க்கையே பிரவுசர்ல தான்.

நீளம் தான் அளவுகோல்னு நான் நினைக்கல. ஃப்ராங்க் லான்ட்ஸோட யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ் (2017) திறந்து பாருங்க, வெறும் எழுத்தும் பட்டனும், படமே கிடையாது. ஒரு பட்டனைத் தட்டினா ஒரு பேப்பர் கிளிப். விலையை ஏத்துறோம் இறக்குறோம், கம்பிச் சுருள் வாங்குறோம், அப்புறம் மெஷின் தானா செய்ய ஆரம்பிக்குது, அப்புறம் ஒரு கட்டத்துல மனுஷங்களே ஸ்கிரீன்ல இல்ல, பிரபஞ்சத்தையே கிளிப்பா மாத்திட்டு இருக்கோம், எப்ப அந்தக் கோட்டைத் தாண்டினோம்னே தெரியாது. மொத்தக் கணக்கு 3 போட்டு பின்னாடி 55 சைபர். கடைசில நம்ம கட்டின மெஷின் ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் போட்டுட்டு மிச்ச கிளிப்பை மறுபடி கையால ஒவ்வொண்ணாத் தட்டணும். முழுசா முடிக்க சில மணி நேரம் ஆகும், ஆனா அந்த கடைசித் தட்டல் இருக்கே, அதுக்காகவே ஆடலாம். சேவ் எல்லாம் பிரவுசர்லயே இருக்கு, பாதில ஹிஸ்டரி குக்கீஸ்னு மொத்தமா கிளியர் பண்ணிடாதீங்க.

தேன்மிட்டாய்:
எனக்கு மட்டும் தான் மாத்துக் கருத்து போல. மொட்டைமாடி அண்ணா, உங்க ஃப்ரெண்டு சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. மோலேஇண்டஸ்ட்ரியாவோட எவ்ரி டே தி சேம் ட்ரீம் (2009) எல்லாரும் தூக்கிப் பேசுவாங்க, டை கட்டு, காரெடு, ஆபீஸ் போ, மறுநாள் அதே. லிஃப்ட்ல ஒரு பாட்டி இன்னும் அஞ்சு படின்னு சொல்வாங்க, அந்த அஞ்சைத் தேடணும். டிராஃபிக்ல காரை விட்டு இறங்கி மாட்டைத் தடவுறதும் மரத்துல விழற ஒரே ஒரு இலையைப் பிடிக்கிறதும் அழகு, அதுல மனசு நிக்குது. ஆனா அஞ்சையும் முடிக்கணும்னு கணக்கு வந்ததுமே அதுவும் இன்னொரு வேலை மாதிரி ஆயிடுச்சு எனக்கு. கருத்து பெருசா இருந்து கைக்கு வேலை கம்மியா இருந்தா அது பாடம் தான்.

எனக்குன்னு கேட்டா செலஸ்ட் கிளாசிக், ஒரு பொண்ணு குதிச்சுக் குதிச்சு மலை ஏறுற கேம். 2015ல ரெண்டு பேர் நாலு நாள்ல பண்ணினது, பிக்கோ-8ங்கிற குட்டி கேம் பண்ற சாஃப்ட்வேர்ல, ஸ்கிரீன் 128க்கு 128 பிக்சல், 16 கலர், அவ்வளவு தான் அனுமதி. 2018ல வந்த பெரிய செலஸ்ட் இதுல இருந்து தான் முளைச்சது. காத்துல ஒரு தடவை பாயலாம், பாய்ஞ்சிட்டா அவ முடி சிவப்புல இருந்து நீலமா மாறும், தரையைத் தொட்டா திரும்ப சிவப்பு. தனியா மீட்டர் எதுவும் வேணாம், கண்ணு அவ மேல தானே இருக்கு. இடம் கம்மியா இருந்ததால தான் இந்த மாதிரி யோசிச்சிருக்காங்கன்னு நான் நம்புறேன்.

மொட்டைமாடி:
தேன்மிட்டாய், கைக்கு வேலை கம்மின்னு சொன்னது சரியான பாயிண்ட், ட்ரஸ்ட் முதல் பாதி எனக்கு ஏன் இழுத்துச்சுன்னு இப்ப புரியுது. ஆனா மாடு விஷயத்துல உங்களோட ஒத்துப் போக மாட்டேன், யாரும் சொல்லாம நானா இறங்கிப் போனேன்ல, அது வேலை இல்லயே. கண்ணன், பெட்டி மேட்டர் சூப்பர், இன்னிக்கே ஆடுறேன். ஒரு டவுட், 2009 கேம்ஸ் எல்லாம் ஃபிளாஷ்ங்கிற பழைய பிரவுசர் ப்ளக்இன்ல ஓடினது தானே, இப்ப ஓடுமா?

கீபோர்டு கண்ணன்:
அடோப் 2020 டிசம்பரோட ஃபிளாஷை நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் பிரவுசர்ல நேரா ஓடாது. ரஃபிள்னு ஒரு எமுலேட்டர் (ஃபிளாஷ் மாதிரியே வேலை செய்ற சாஃப்ட்வேர்) இருக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற பழைய விஷயங்களைச் சேத்து வைக்கிற சைட்ல இருக்கிற ஃபிளாஷ் கேம்ஸ் அதுல தான் ஓடுது, நீங்க தனியா எதுவும் போட வேணாம். சிலது முழுசா வேலை செய்யாது, அதுக்கு ஃபிளாஷ்பாயிண்ட்னு பெரிய சேகரிப்பு இருக்கு, ஆனா அது இன்ஸ்டால் பண்ணணும், ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஆகாது. கனபால்ட் சவுண்டோட ஆடுங்க, டேனி பரனோவ்ஸ்கி மியூசிக். சத்தம் வரலன்னா பேஜ்ல ஒரு தடவை கிளிக் பண்ணுங்க, நிறைய பிரவுசர் அதுவரைக்கும் ம்யூட்ல தான் வச்சிருக்கும்.